பத்திரத்தில் இரண்டு பெயர், கல்லில் ஒன்று

14.6.2024, வெள்ளி
பிளஸ் ஒன் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். அப்பா மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கப் போகிறாராம். கடனைக் கட்ட வழியில்லை, திவாலாகிவிட்டேன் என்று கோர்ட்டில் மனு. பாலக்கோடு மண்டியில் ஊரே கேட்கத் தக்காளி ஏலம் விடுகிறவர், இதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

15.6.2024
வீட்டைப் பிடுங்கிவிடுவார்களா? பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பிரபாகர், சோபனா - இரண்டு பெயர். அம்மாவின் நர்ஸ் சம்பளத்தில் பிடித்த கடனில்தான் பாதி வீடு எழும்பியது. ஆனால் வாசல் கிரானைட்டில் ‘பிரபாகர் இல்லம்’. கிரகப்பிரவேசத்தின்போது அம்மா கேட்டதற்கு, “கல்லுல அவ்ளோ எடமில்ல” என்றாராம். தோகை விரித்த மயிலுக்கு மட்டும் இடம் இருந்தது.

16.6.2024
அப்பாவின் சிநேகிதர் வெங்கடாசலம் மாமா வந்தார். மூன்று கடை வைத்து மூன்றையும் மூடியவர். அவர்தான் ஆலோசகர்!
“உன் பாதிய நம்ம சோபனா தங்கச்சி பேருக்கு எழுதி வெச்சுட்டு அப்பறம் நோட்டீஸ் குடு மாப்ள. ஒருத்தனும் வூட்டத் தொட முடியாது.”
புதன்கிழமை பதிவாம். காபியில் சர்க்கரை பத்தவில்லை என்றும் கண்டுபிடித்தார்.

18.6.2024
நூலகத்தில் சட்டப் புத்தகம் கிடைத்தது. திவாலாவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம். வாசித்துக் காட்டினேன்.
“பதினொண்ணாவது படிக்கிற வாயி, வக்கீலாட்டம் பேசுது!” - அப்பா.
அம்மா லீவு போட்டு என்னோடு தர்மபுரி சட்ட உதவி மையத்துக்கு வந்தாள். ஜாஸ்மின் வக்கீல் மேடமும் அதையேதான் சொன்னார். “அவரு பாதிய சும்மா எழுதி வாங்காதீங்க. நீங்களும் கூட்டுன்னு சொல்லிருவாங்க. உங்க பாதிய யாரும் தொட முடியாது. சம்பளச் சீட்டு இருக்குதுங்களா?”
இருக்கிறது. வருடவாரியாக நான்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.

19.6.2024
பதிவுக்குப் போக அப்பா சலவைச் சட்டையில் காத்திருந்தார். அம்மா டூட்டிக்குப் போய்விட்டாள்.

7.8.2024
நோட்டீஸ் எல்லோருக்கும் போய்விட்டது. தக்காளிப் பணம் வர வேண்டிய ராமக்காள் வாசலில் நின்றார்.
“கல்லுல உம் பேரு மட்டுந்தான இருக்குது? இந்த வூட்ட நம்பித்தானப்பா பணங் கேக்காம சரக்கு வுட்டுட்டுப் போனேன்!”
“பாதி அவளுதுங்க” என்றார் அப்பா.
வீடு கட்டிய இந்தப் பத்து வருடத்தில் அவர் இதைச் சொல்லி முதல் தடவை கேட்கிறேன். அதுவும் தன் தலை தப்புவதற்காக. சீ.

21.11.2025
அப்பாவின் பாதியைக் கோர்ட் மூலமாகவே, மதிப்புப் போட்ட விலைக்கு அம்மா வாங்கிவிட்டாள். நகை போனது, இன்னொரு கடனும் ஏறியது. அந்தப் பணம் கடன்காரர்களுக்குப் பங்காகும். ராமக்காளுக்கும் வரும், முழுசாக அல்ல.
காலையில் அப்பா கல் கொத்துகிறவரைக் கூட்டி வந்தார். “மயில எடுத்துட்டா சோபனா பேருக்கும் எடம் வருங்க.”
அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.
“மயிலு இருக்கட்டும். அந்தப் பேர எடுத்துருங்க.”
தூசி பறக்க ஆரம்பித்தது. அப்பா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.