பழசை அழிச்சாச்சா?

ஜூன் 11, வியாழன்

விடியும் முன்பே மழை. இடவப்பாதிப் பருவம் இந்த முறை நன்றாகப் பிடித்துவிட்டது. வண்டிக்கு உறை போட்டாயிற்று.

பேசாமல் இருந்தது போதும். ஒரு வருஷத்துக்கு மேலாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். மரியாதைக்காக என்று நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. இனி நடப்பதை நடந்தபடி எழுதிவைத்து, நாலு பேர் படிக்கும் இடத்தில் போடப்போகிறேன்.

இன்றைய விஷயம். குரூப்பில் ராஜசேகரனின் (இனி ரா.) குரல் செய்தி. எங்கள் பைக் சங்கத்தின் கேப்டன் அவன். தேர்தல் எதுவும் நடந்ததாக நினைவில்லை.

"ஞாயிறாழ்ச்ச போனக்காடு. மழையாணு, ரோடு மோசமாணு. டயர் லைட் கத்துன்ன ஒரு வண்டியும் வரண்டா. நம்முடெ அண்ணாச்சி கேட்டோ, ப்ளீஸ்."

போனக்காடு மலைக்கு டயர் விளக்கு எரிகிற வண்டி எதுவும் வரக் கூடாதாம். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அண்ணாச்சி நான்தான். பிறந்தது திருவனந்தபுரம் கரமனை, படித்தது இதே ஊர், எம்.டெக். மெக்கானிக்கல். வீட்டில் தமிழ் பேசுகிற ஒரே குற்றத்துக்காக இவர்களுக்கு அண்ணாச்சி. சாலைக் கடைத்தெருவில் பருப்பு நிறுக்கிறவரை அப்படிக் கூப்பிட்டால் அது உறவு. என்னைக் கூப்பிடும்போது அதில் வேறு ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரியும், கூப்பிடுகிறவனுக்கும் தெரியும்.

வண்டித் திரையில் விளக்கு எரிவது உண்மை. பின் டயர் சென்சார் போன மாதம் செத்தது, இப்போது முன்னதும். டயருக்குள்ளே இருந்துகொண்டு காற்றழுத்தத்தைச் சொல்லும் சின்னப் பெட்டி. பேட்டரியை உள்ளே வைத்து அடைத்துவிட்டார்கள். பேட்டரி தீர்ந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும்.

சங்கத்தில் கடைசி வண்டி என்னுடையது. ஆரம்பத்திலிருந்தே. முதல் வண்டி வழியைப் பார்க்கும், கடைசி வண்டி ஆட்களைப் பார்க்கும். விழுந்தவன், பஞ்சரானவன், பயந்தவன், எல்லாரும் என் கணக்கு. அந்த இடத்தை இந்த ஞாயிறு வேறு ஒருவனுக்குக் கொடுக்கப்போகிறானாம். கொடுத்தால் திரும்பக் கிடைக்காது. இந்த மாதிரி இடங்கள் எப்படிப் போகும் என்று ஆபீஸிலேயே பார்த்தவன் நான்.

ஞாயிற்றுக்குள் விளக்கு அணைய வேண்டும்.

மனைவி மீனா: "சும்மா ஒரு லைட்டுக்கு இப்படியா மொகத்தத் தூக்கி வச்சிருப்பிய? காத்து இருக்கா இல்லியான்னு அமுக்கிப் பாத்தாத் தெரியாதா?"

மதியம் தீயல் குழம்பு. நன்றாக இருந்தது, அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 12, வெள்ளி

மழை விட்டு விட்டு. சர்வீஸ் சென்டருக்குப் போனேன், கேட்டுவைப்போம் என்று. மேஜைக்கு அந்தப்புறம் இருந்த பையன் நிமிர்ந்து பார்க்காமல், "அங்கிளே, பார்ட்ஸ் கொச்சியில் நின்னு வரணும். ஒந்நு வெயிட் செய்யணும்" என்றான். அங்கிள்! ஹெல்மெட்டைக் கழற்றியது தப்பு.

பரவாயில்லை. கோயம்புத்தூரில் பார்ட்ஸ் விற்கும் செந்திலிடம் சென்சாருக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன். பார்சல் இன்று வந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில்தான் பார்சல் ஆபீஸ். அப்படியே பழவங்காடி கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். பிள்ளையாரிடம் சென்சாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பொதுவாகத்தான். ஹார்ட்வேர் கடையில் வாங்கியவை: சாக்பீஸ், சின்ன பிரஷ், வால்வ் மூடி. கடைக்காரர் வள்ளியூர்க்காரர், அசல் அண்ணாச்சி. என்னை "சார்" என்றார். வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

செந்திலைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் என் ஒரு வருஷ மௌனம் அவனுடைய சென்சாரில்தான் தொடங்கியது.

ரா.விடமும் இதே வண்டிதான், நிறம் வேறு. போன வருஷம் அவனுக்கும் விளக்கு எரிந்தது. செந்திலிடம் சொல்லி நான்தான் சென்சார் வரவழைத்துக் கொடுத்தேன். எப்படி மாட்டுவது என்று செந்தில் தமிழில் அனுப்பிய குரல் செய்தியையும் அப்படியே அனுப்பினேன். மலையாளத்தில் எழுதித் தரட்டுமா என்றும் கேட்டேன். "எனக்குத் தமிழ் நல்லா அறியாம் அண்ணாச்சி. சினிமா எத்தர கண்டிருக்கு!" என்றான். அறியாம் என்றால் தெரியும்.

மாட்டினான். விளக்கு அணையவில்லை. மறுபடி கழற்றி மாட்டினான். அப்போதும் அணையவில்லை. குரூப்பில் எழுதினான்: டூப்ளிகேட் சாதனம், அண்ணாச்சியின் பாண்டிக் கச்சவடம். பாண்டி என்றால் தமிழன், இளக்காரமாக; கச்சவடம் என்றால் வியாபாரம். நான் அதில் ஒரு பைசா பார்க்கவில்லை. அத்தனை பேரும் படித்தார்கள். ஒருவனாவது "சிவதாணு அப்படிச் செய்கிற ஆள் இல்லை" என்று எழுதவில்லை.

எது தப்பாகப் போனது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் பேசாமல் இருந்தேன். அவன் விளக்கின் மேல் சங்கத்தின் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறான். எல்லாருக்கும் தெரியும். விதி எனக்கு மட்டும்.

நாளை தாமஸ் கடை. அதே செந்தில் சரக்கு, என் வண்டியில். சரியாக வராவிட்டால் டூப்ளிகேட் என்று அவன் சொன்னது நிஜமாகிவிடும். எனக்கே.

ஜூன் 13, சனி

மழை இல்லை. மேகம் மட்டும்.

காலையிலேயே தாமஸ் கடை. கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் டயர்க் கடை, நல்ல மிஷின் வைத்திருக்கிறார். இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் மலையாளி அவர் ஒருவர்தான். "சிவதாணு சாரே, வா, இரி."

வேலையை நானே செய்தேன். மிஷின் மட்டும் தாமஸ் கையில்.

எப்படிச் செய்தேன் என்றால்: ரிம்மில் வால்வ் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம். சென்சார் அதற்கு நேர் உள்ளே உட்கார்ந்திருக்கும். லீவரை அங்கே விட்டால் அப்பளம் போல நொறுங்கும். நேர் எதிர்ப்பக்கம் விட வேண்டும். பாதிக் கடைகளில் இதுகூடத் தெரியாமல் உடைக்கிறார்கள். டயரின் ஓரத்தை அமுக்கி விலக்கியதும் பழைய சென்சார் தெரிந்தது, கரி பிடித்து. கழற்றினேன். ரிம்மைத் துடைத்தேன். புது வால்வ், புது வாஷர், நட்டை அளவாக முறுக்கினேன், வெறி பிடித்தாற்போல் அல்ல. டயரை ஏற்றிக் காற்று அடித்து, பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர். ஒரு குமிழிகூட இல்லை. பின் சக்கரமும் அப்படியே. பிறகு பேலன்ஸ்.

தாமஸ்: "சார் படிப்பிச்ச வேலை விட்டு இதினு இறங்ஙியிருந்தா ஞான் கட பூட்டி வீட்டில இருக்கும்."

படிப்பிக்கவில்லை, டிசைன் ஆபீஸில் இருந்தேன் என்று திருத்தினேன். ஆனாலும் சந்தோஷம். ஏன் மறைக்க வேண்டும், ரொம்பச் சந்தோஷம்.

அடுத்தது வண்டியின் மூளைக்குப் புது சென்சார்களை அறிமுகம் செய்வது. ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் எண் உண்டு. சீட்டுக்கு அடியில் அடாப்டரைச் செருகி, போனில் ஆப்பைத் திறந்தேன். கையெல்லாம் சோப்பு. செந்திலைக் கூப்பிட்டு, போனைத் தாமஸிடம் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

குழாயடியில் நின்று கேட்டது.

செந்தில்: "அண்ணா, பழச அழிச்சுட்டுத்தானுங்க புதுச ஏத்தோணும். பழச அழிச்சாச்சுங்களா?"

தாமஸ்: "அழிச்சு, அழிச்சு."

"ரெண்டையுமுங்களா?"

"ரெண்டும் அழிச்சு. தா கெடக்குன்னு, தறையில."

"தரையிலயா? என்னங்க தரையில?"

"பழையது! ஞான் கண்ணால காணுகயல்லே!"

"அண்ணா, அது போன்ல இருக்குதுங்க. தரையில எப்புடிங்க கெடக்கும்?"

"போனில் எங்ஙனெ கேறும்? அது டயறினகத்தல்லே இருந்நது?"

குழாயை மூட மறந்து நின்றுவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. என் சிரிப்பைக் கேட்டுத் தாமஸ் பயந்துபோய்ப் போனைப் பார்க்கிறார், தான் எதையோ உடைத்துவிட்டோமோ என்று.

மலையாளத்தில் அழிப்பது என்றால் அவிழ்ப்பது, கழற்றுவது. கட்டை அழிப்பார்கள், முடிச்சை அழிப்பார்கள், நட்டை அழிப்பார்கள். நாம் ரப்பர் வைத்து அழிப்பதை அவர்கள் மாய்ப்பது என்பார்கள். செந்தில் சொல்வது பழைய எண்களை ஆப்பில் அழிக்க வேண்டும் என்று. அவை போகாமல் வண்டி புது எண்களைச் சேர்த்துக்கொள்ளாது. தாமஸ் காதில் விழுந்தது, பழைய சென்சாரைக் கழற்றினாயா என்று. ஏற்றுவதும் அப்படித்தான். இவனுக்கு எண்ணை ஏற்றுவது, அவருக்கு டயரை ஏற்றுவது. வாக்கியம் முழுக்க இரண்டு மொழியிலும் பொருத்தமாக நிற்கிறது, ஒரு சொல் இடறவில்லை.

ரா.வுக்குப் போன குரல் செய்தியைத் தேடி எடுத்தேன். இன்னும் போனில் இருந்தது. செந்தில் அதே பாணியில்: "பழச அழிச்சுட்டுப் புதுச ஏத்துங்க. லைட்டு போவலைன்னா மறுக்காவும் அழிச்சுப்போட்டு ஏத்துங்க." ரா. அதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறான். கழற்றி மாட்டினான், மறுபடியும் கழற்றி மாட்டினான். ஆப்பைத் தொடவே இல்லை. அவன் டயருக்குள் இருப்பது நல்ல சரக்கு. ஒரு வருஷமாக நல்ல சரக்கு!

இரண்டு மொழியும் தெரிந்த நான் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். மலையாளத்தில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றது யார்?

பழைய எண்களை அழித்தேன். தமிழில் அழித்தேன் என்று தாமஸிடம் சொன்னேன், சிரித்தார். புது எண்கள் ஏறின. திரையில் காற்றழுத்தம் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். சக்கரம் சுற்றினால்தான் சென்சார் விழிக்கும். பாப்பனங்கோடு பக்கம் விட்டேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தவரை கோடுகள். வழி கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினேன்.

முன் 36. பின் 42.

விளக்கு இல்லை. வண்டியை ஓரம் நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை. யாரும் கூட இல்லாதது நல்லதாயிற்று, கண் கலங்கியிருந்தது.

ஜூன் 14, ஞாயிறு

தூறல். போனக்காடு.

கிளம்பும் இடத்தில் ரா. என் திரையைக் குனிந்து பார்த்தான். "ஓ, லைட் போயல்லே?" போய்விட்டதே என்று. அவ்வளவுதான். கடைசி இடத்தில் போய் நின்றேன். யாரும் தடுக்கவில்லை.

விதுரயில் சாயா குடிக்க நிறுத்தினோம். எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று வழி நெடுக வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். நல்ல, கூர்மையான வாக்கியங்கள். இறங்கியதும் வாயில் வந்தது வேறு.

"ராஜசேகரா, உன் சாவியைக் கொஞ்சம் கொடு."

"எந்தினு?"

"லைட்டுக்கு."

"என்றெ வண்டிக்கு எந்து லைட்? லைட் ஒண்ணும் இல்ல."

பின்னாலிருந்து யாரோ: "ஸ்டிக்கறினடியில கத்துன்னது பின்ன சந்திரனாணோ, கேப்டா?"

கடைக்காரர் உட்படச் சிரித்தார்கள். சாவி வந்தது. அடாப்டர், ஆப், பழைய எண்கள் இரண்டு. என் போனிலிருந்த போன வருஷத்துப் பில்லில் புது எண்கள் இருந்தன, ஏற்றினேன். செந்தில் சொன்னதையும் அவன் கேட்டதையும் மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். ஏன் மெதுவாகச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. "அழிக்குக..." என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

மலைப் பாதை படுமோசம். இரண்டு பேர் விழுந்தார்கள், தூக்கி நிறுத்தினேன். எஸ்டேட்டில் தேயிலைக் கூடையோடு நின்ற ஒரு அம்மா நான் பேசுவதைக் கேட்டு, "நமக்கு எந்த ஊருங்கய்யா, திருநெல்வேலியா?" என்றார். திருவனந்தபுரம் என்றேன். நம்பவில்லை.

நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது ரா.வின் வண்டி முன்னால் நின்றிருந்தது. திரையில் ஸ்டிக்கர் இல்லை. பசை மட்டும் வட்டமாக.

மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சாஃப்ட்வேர் அப்டேட் ஆயி, அதாணு."

ஜூன் 15, திங்கள்

நல்ல மழை. முதுகு வலி. மீனா தைலம் தேய்த்தாள், திட்டிக்கொண்டே.

குரூப்பில் ரா. போட்ட படங்கள். மூடுபனி, வண்டிகள், அவன். டூப்ளிகேட் என்று எழுதியதைப் பற்றி ஒரு வரி இல்லை. வராது. அதை நான் மறக்கவும் போவதில்லை.

மதியம் தனியாக ஒரு செய்தி, சங்கத்தில் ஆற்றிங்கல்காரர் ஒருவர். அவருக்கும் விளக்கு எரிகிறதாம், கோயம்புத்தூரிலிருந்து வாங்கினாராம், ரெண்டு தடவை அழிச்சாராம். டூப்ளிகேட் என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்தாராம். போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். சாயந்திரம் திரையின் படம் வந்தது. கூடவே, "சிவதாணு சார், தேங்க்ஸ்."

இவரைப் போல இன்னும் எத்தனை பேர் கேரள எல்லையான பாறசாலைக்கு இந்தப் பக்கம் நல்ல சென்சாரைத் திட்டிக்கொண்டு ஓட்டுகிறார்களோ. பைக் ஓட்டுகிறவர்கள் எழுதும் இணையதளம் ஒன்று உண்டு. இந்தப் பக்கங்களை அதில் போட முடிவு. வேலை செய்த விதம், செந்தில் சொன்னது, தாமஸ் கேட்டது, எல்லாம். மலையாளத்திலும் எழுதிவிட்டேன், அதில் மாய்க்குக என்றே போட்டிருக்கிறேன்.

மீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். தாமஸ் பேசும் இடத்தில் அடக்க முடியாமல் சிரித்தாள். "நல்லா இருக்கு. எம்.டெக்னு சேத்து ஒங்க பேரப் போடுங்க. இத்தன நாளு பேசாம கெடந்ததுக்கு இப்பமாவது நாலு பேரு அறியட்டும்."

பெயர் போட்டால் கேப்டன் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பாவம் என்று நினைக்கவில்லை. ஆனால் உடனே சண்டை தொடங்கும், அவன் ஆட்கள் வருவார்கள், அண்ணாச்சி என்ற சொல் வரும், அழிப்பதற்கும் மாய்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் படிக்கமாட்டார்கள். என் வேலையின் நடுவில் அவனுக்கு அவ்வளவு இடம் கொடுக்க மனசில்லை. தளத்துக்கான பிரதியில் எல்லாருடைய பெயரையும் எடுத்துவிட்டேன், என்னுடையதையும். பெயர் இல்லாமல் இப்போதே போடுகிறேன்.