கடைசி இடத்தில் பத்துப் பொருத்தம்

12-6-1986
தர்மபுரியிலேயே கணிப்பொறி ஜாதகம் பார்க்கும் ஒரே கடை என்று முதலாளி கோவிந்தன் அண்ணன் எங்கள் போர்டில் சேர்த்து எழுத வைத்துவிட்டார். பொருத்தம் எண்ணுவதென்னவோ ஜோசியர்தான். அவர் சீட்டில் தரும் எண்ணோடு மாப்பிள்ளைகள் பெயரைத் தட்டினால், அதிகப் பொருத்தம் மேலே வரும்படி அடுக்கித் தருவது நான் எழுதிய புரோகிராம். அச்சில் பெயர்கள் மட்டுமே வரும். எண் தெரிந்தால் ஜனங்கள் பேரம் பேசுவார்களாம். கணிப்பொறியின் டி.வி. பெட்டிக்கு விபூதிப் பட்டை வேறு! நானும் தினமும் தொட்டுக் கும்பிடுகிறேன், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்.

14-6
அப்பாவே கடைக்கு வந்துவிட்டார், எனக்கு வந்த ஆறு ஜாதகங்களோடு. அதில் ஒன்று பாப்பாரப்பட்டி சென்னப்பன். போன மாதம் பெண் பார்க்க வந்து, "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோமுங்க" என்றவன். ஜோசியர் சீட்டில் அவனுக்குப் பத்துக்குப் பத்து. தட்டினேன். பட்டியலில் சென்னப்பன் கடைசி!

"மெசினே வேணாங்குது, வுடு பாப்பா" என்றார் அப்பா.

15-6
காரணம் பிடிபட்டது. எண்களை எண்ணாக வாங்காமல் எழுத்தாக வாங்கித் தொலைத்திருக்கிறேன். அகராதி மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்குகிறது. பத்து ஒன்றில் தொடங்குவதால் இரண்டுக்கும் கீழே போய்விடுகிறது. புரோகிராமில் 'இது எழுத்து' என்று சொல்லும் டாலர் குறியை நாலு இடத்தில் எடுத்தால் சரியாகிவிடும். எடுக்கவா?

16-6
எடுக்கவில்லை.

21-6
தீர்த்தம்மாள் என்ற பெண் வந்தாள். மாமன் மகன் அர்ச்சுனனைக் கட்டிக்கொள்ள ஆசை. நாங்கள் கொடுத்த பட்டியலில் அவன் கடைசி. "வூட்ல வேணாங்கறாங்க. இன்னொரு வாட்டி பாருங்கக்கா" என்று அழுதாள். பழைய சீட்டை எடுத்தேன்: பத்து. அதற்குப் பதில் 99 என்று தட்டினேன். அர்ச்சுனன் முதலிடம்! அவள் சிரித்துக்கொண்டே போனாள். என் சென்னப்பனும் கடைசியிலேயே பத்திரம். என் மூளையே மூளை.

22-6
மற்ற சீட்டுகளையும் புரட்டினேன். புரட்டியிருக்கக் கூடாது. இன்னும் ஏழு பத்துகள். அந்த ஏழு வீட்டிலும் யார் யார் அழுதார்களோ? எல்லாம் நான் பண்ணிய வேலை. சே.

23-6
டாலர் குறிகளை எடுத்துவிட்டு அண்ணனிடம் சொன்னேன்.

"மெசின் தப்பு பண்ணுதுன்னு வெளிய தெரிஞ்சா போர்டைக் கழட்ட வேண்டியதுதான்."

"மெசின் இல்லீங்கண்ணா, நான்."

யோசித்தார். ஏழு வீட்டுக்கும் கடிதம் போகிறது: 'கிரக மாற்றத்தை முன்னிட்டுத் திருத்திய பட்டியல்.' இந்த மனிதரை யாராலும் அசைக்க முடியாது.

எட்டாவது பட்டியலை நானே அப்பாவிடம் கொடுத்து, நடந்ததையும் சொன்னேன். முதல் பெயரைப் படித்தார்: சென்னப்பன். "எனக்கு இவன் வேணாம்ப்பா. வேலைய வுட மாட்டேன்." எப்படிச் சொன்னேன்?

"இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? எத்தன வூட்டு ஆளுங்கள ஏமாத்தியிருக்கற! நாளையிலிருந்து வூட்லயே கெட."

26-6
அப்பா பேசவில்லை. கடைக்குப் போகும் ஏழே முக்கால் பஸ் தினமும் நான் இல்லாமல் போகிறது. அம்மா மட்டும் சாப்பிடக் கூப்பிடுகிறாள். இப்படியே என்னைக் கட்டிக்கொடுத்துவிடுவாரோ? பயமாக இருக்கிறது.

30-6
காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்று, தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "பாப்பாரப்பட்டிக்காரங்ககிட்ட முடியாதுன்னுட்டேன். ஏழே முக்கா பஸ்ஸு வந்துரும், இன்னும் என்ன பின்னிக்கிட்டு?"

பாதி ஜடையோடு ஓடினேன்.