நாற்பத்தைந்தில் நின்ற ஊசி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
பவ வருஷம், புரட்டாசி மாதம்

அன்பும் மதிப்பும் நிறைந்த நாச்சியப்பச் செட்டியார் அவர்களுக்கு, ரெங்கசாமி வாத்தியார் வணக்கம் சொல்லி எழுதுவது.

கடல் அமைதியாக இருந்ததா? தேவகோட்டைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகள் நாச்சாளின் கல்யாண வேலையில் உங்களுக்கு மூச்சுவிட நேரமிராது. ஆகவே அதிகம் சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன். ஆயுள் முழுவதும் வாத்தியாராக இருந்தவனுக்கு அது எளிதல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து துறைமுகத்துக்குப் போகும் வழியில் பத்து தீகா வளைவில் உங்கள் மோட்டார் வண்டி ஒரு மாட்டுவண்டியில் மோதியதும், அந்தப் பக்கம் வந்த எஸ்டேட் லோரியில் உங்களை ஏற்றிவிட்டதாக, வண்டியை ஓட்டிய என் மாப்பிள்ளை பாலன் சொன்னார். கப்பல் கிடைத்ததே என்று அவருக்கு நிம்மதி. அதற்குப் பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாட்டுவண்டிக்காரர் பெயர் சின்னையா. வலது கால் முறிந்து கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை. பாலன் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறார். நானும் ஒருநாள் ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். "காலு ஒட்டிக்கும் வாத்தியாரே, மாடு போயிருந்தா நுகத்தடியில நான்ல நிக்கணும்" என்று சிரிக்கிறார். அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் வழக்குப் போடுவது அவர் இல்லையே.

வழக்குக்குக் காரணம் உங்கள் வண்டியில் வேகம் காட்டும் மைல் மீட்டர். விபத்து நடந்த இடத்துக்கு வந்த மாத்தா போலீஸ்காரர், வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறார். வண்டி நிற்கிறது, ஊசி மட்டும் நாற்பத்தைந்தில் நிற்கிறது. மோதிய அதிர்ச்சியில் ஊசி அப்படியே உறைந்துவிட்டது, ஆகவே வண்டி நாற்பத்தைந்து மைல் வேகத்தில்தான் வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இருபதில் போகவேண்டிய வளைவு அது. நிரூபணமானால் லைசன்ஸ் போகும், சிறையும் உண்டு என்கிறார் வக்கீல்.

அந்த ஊசியின் கதை நம் இருவருக்கும் தெரியும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனோமே, கூட்டத்தில் காவடிக்குப் பின்னால் நம் வண்டி ஆமைபோல் நகர்ந்தபோதும் அது நாற்பத்தைந்தைத்தானே காட்டியது? காவடி எடுத்தவர்கள் நம்மை முந்திக்கொண்டு போனார்கள். கழற்றிப் பார்க்கட்டுமா என்று பாலன் கேட்டதற்கு நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "ஊசி ஓடாட்டி என்னப்பா, வண்டி ஓடுதுல்ல." எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

நான் வேலைபார்த்த பள்ளிக்கூடத்தில் சுவர்க் கடிகாரம் ஒன்று ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நின்றுபோயிருந்தது. தாமதமாக வருகிற பையன் எவனானாலும் அதைத்தான் கைகாட்டுவான். "சார், இன்னும் மணி அடிக்கலையே" என்பான். எங்களுக்கு அது வேடிக்கை. ஒருநாள் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அதை நம்பி உட்கார்ந்துவிட்டார், ரயிலைத் தவறவிட்டார். நின்றுபோன கடிகாரம் அதை அறிந்தவர்களை ஏமாற்றுவதில்லை. அறியாதவன் வந்து பார்க்கிற நாளில்தான் வினை.

ஊசி முன்பே நின்றிருந்தது என்று நான் சாட்சி சொல்லலாம். மாமனார் சொல் எடுபடாது என்கிறார் வக்கீல். உங்கள் கடை ஆட்களோ முதலாளி உத்தரவில்லாமல் கோர்ட்டுப் படி ஏற அஞ்சுகிறார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் நீங்கள். உங்கள் கைப்பட இரண்டு வரி எழுதி, அங்கே ஒரு மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

என் மகள் இராஜம்மா கைக்குழந்தையோடு கிள்ளானில் உங்கள் கடைக்குப் பின்வீட்டில்தான் இருக்கிறாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் சம்மன் வந்துவிட்டதோ என்று எழுந்து நிற்கிறாள். கல்யாண வீட்டில் இருக்கிறவருக்கு இதையெல்லாம் எழுதுகிறேனே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுபகாரியம் குறைவின்றி நடக்கட்டும்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
ரெங்கசாமி


பிரிக்பீல்ட்ஸ்
ஐப்பசி மாதம்

அன்புள்ள செட்டியார் அவர்களுக்கு, அதே ரெங்கசாமி மறுபடியும்.

முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் கப்பல் வரும் நாட்களில் ஸ்டேஷன் வரை நடந்து போய்வருகிறேன். கல்யாண வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இதற்குள் இங்கே காரியம் இன்னும் சிக்கலாகிவிட்டது. நல்லது நினைத்துச் செய்ததால் வந்த சிக்கல் இது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பாலன் வண்டியைக் கழுவித் துடைத்திருக்கிறார். பழுதான சாமானைப் பூஜையில் வைக்கக்கூடாது என்பது நம்மவர் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. கொல்லனானால் சுத்தியலுக்குப் புதுப்பிடி போடுவான், தையற்காரனானால் கத்தரிக்கோலைத் தீட்டுவான். நானேகூட முள் உடைந்த பேனாவுக்குப் புதுமுள் போட்டுத்தான் சரஸ்வதி முன்னால் வைப்பேன். பாலன் அந்த நினைப்பில் மீட்டரைக் கழற்றிவிட்டார்.

சக்கரத்தின் சுழற்சியை மேலே கொண்டுவருகிற கம்பி ஒன்று அதற்கு உண்டாம். அதில் யாரோ தாராளமாக விட்ட எண்ணெய் மெல்ல மேலேறி, மீட்டருக்குள் போய், நாளாக ஆகப் பிசினாக இறுகி ஊசியின் அச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. (போன வருஷம் நீங்களே குப்பியை வாங்கி, "கஞ்சத்தனம் பண்ணாதீங்கப்பா" என்று ஊற்றியது ஞாபகம் இருக்கிறதா?) பாலன் கம்பியை உருவித் துடைத்து, உள்பாகத்தை மண்ணெண்ணெயில் கழுவி, இராஜம்மாவின் தையல் ஊசி முனையால் அழுக்கைச் சுரண்டி, தலைமுடி போன்ற அந்தச் சுருள்வில்லைத் தொடாமல் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் வைத்திருக்கிறார். ஊசி பூஜ்யத்துக்கு இறங்கியது. தெருக்கோடி வரை ஓட்டினால் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது. அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள்.

பூஜை முடிந்த கையோடு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வண்டியைச் சோதிக்க வந்துவிட்டார். ஓட்டிப் பார்த்தார். ஊசி அழகாக வேலை செய்தது. முன்பு பழுது, இப்போதுதான் சரிசெய்தேன் என்று பாலன் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல, அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனதாம். வழக்கு நடக்கும்போது சாட்சியப் பொருளில் கைவைத்தது ஏன் என்று கேட்டிருக்கிறார். வண்டியைத் தொடாதே என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. "ஒடஞ்சத அம்மன் முன்னால வைக்கலாமா மாமா" என்று என்னிடம் கேட்கிறார் பாலன். அதை எந்தக் கோர்ட்டில் எப்படி மொழிபெயர்ப்பது?

மறுநாள் நான் கிள்ளான் போய் வண்டிக்குள் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல்தான் உட்கார்ந்தேன். காலை வெயில் மீட்டர்மேல் நேராக விழுந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வெள்ளைத் தட்டு முழுவதும் தேநீர் சிந்தியதுபோல் பழுப்பேறி இருக்கிறது. நாற்பத்தைந்துக்கு நேராக மட்டும், ஊசியளவு மெல்லிசாக, புதுவெள்ளையாக ஒரு கோடு. சுவரில் வருஷம் முழுவதும் தொங்கிய காலண்டரை எடுத்தால் அடியில் சுவர் வெளுப்பாகத் தெரியுமே, அதேபோல. ஊசி அத்தனை மாதம் அங்கேயே நின்று வெயிலை மறைத்திருக்கிறது.

அன்றே வக்கீலை அழைத்து வந்து காட்டினேன். அவருக்கும் சந்தோஷம்தான். ஊசி விபத்துக்கு வெகுநாள் முன்பே நின்றிருந்தது என்று இதைக்கொண்டு வாதாடலாம் என்றார். ஆனால் உடனே இன்னொன்றும் சொன்னார். நாற்பத்தைந்து இல்லையென்றால் அப்புறம் எவ்வளவு என்று அவர்கள் கேட்பார்கள். மீட்டர் பழுதான வண்டியை அந்த வளைவில் வேகமாக விடச் சொன்னது யார் என்றும் கேட்பார்கள். அதற்கு வண்டியில் இருந்தவர்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

வண்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர்.

பாலனிடம் கேட்டேன். மாப்பிள்ளை, செட்டியாருக்குக் கப்பல் அவசரம் இருந்ததே, வழியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அவர் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். கடைசியில், "மொதலாளி வீட்டுல கல்யாணம் மாமா. அவரு பேரக் கோர்ட்டுல இழுக்க வேணாம். நானே ஒத்துக்கிட்டுப் போயிடுறேன்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. வக்கீலிடமும் அப்படியே சொல்லிவிட்டாராம். சின்னையாவுக்குக் கூட விஷயம் தெரிந்து, "அந்தத் தம்பி உள்ள போயிட்டா எனக்குக் கஞ்சி யாரு கொண்டாருவா" என்கிறார்.

செட்டியார் அவர்களே, அன்று வண்டிக்குள் என்ன பேச்சு நடந்தது என்று உங்களிடம் நான் கேட்கப்போவதில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஊசி நின்ற இடத்துக்கு வெள்ளைக்கோடு மிஞ்சியிருக்கிறது. பின்னிருக்கையிலிருந்து ஒருவர் சொன்ன சொல்லுக்கு அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. சொன்னவரும் கேட்டவரும்தான் மிச்சம். கேட்டவர் வாய் திறக்கமாட்டேன் என்கிறார்.

கார்த்திகை பிறந்ததும் விசாரணை. வக்கீல் விவரத்தைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறார். எழுதி அனுப்பினாலும் சரி, நீங்களே வந்தாலும் சரி. கடலில் போகிற நாளையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாச்சாளுக்கு என் ஆசீர்வாதம். என்னிடம் அரிச்சுவடி படித்த குழந்தை அவள். கழுத்தில் ஏறுகிற திருப்பூட்டுத் தாலி என்றும் நிலைத்து, புருஷன் மாலையில் வீடு திரும்புகிற சத்தத்தை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டு இருக்கட்டும். மணவறையில் நீங்கள் அவள் தலைமேல் கைவைக்கிற நேரத்தில், கிள்ளானில் உங்கள் கடைக்குப் பின்வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்பதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் அதே வார்த்தைகளை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்
ரெங்கசாமி