பாலத்தடியில் மஞ்சள் முடி

மொஸ்தார்,
வியாழக்கிழமை

அன்பு மகள் செனாடாவுக்கு, அம்மா ஸும்ரா எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? மியூனிக் ஆஸ்பத்திரியில் உனக்கு இரவு வேலை குறைந்ததா? இங்கே நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நம் அத்திமரம் தாறுமாறாகக் காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டு ரசியா அதில் ஒரு கண்ணும் நம் வாசலில் ஒரு கண்ணுமாக இருக்கிறாள்.

முதலில் உன் ரைனர் விஷயம். நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்த ஜெர்மன்காரன் தாயைப் பார்க்க ஹாம்பர்க் போய் மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். தாடி வைத்த ஆண்பிள்ளைக்குத் தாய் வீட்டில் மூன்று வாரம் என்ன வேலை? அங்கே ஒரு பெண்டாட்டியும் பிள்ளையும் இல்லை என்று நீ கண்டாயா? இதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். வசந்தத்தில் வந்தபோதும் வந்தது. "நம்ம ஊர்ப் பொண்ணு வேணும்னா நம்ம ஊர் ஆம்பளைங்க மாதிரி பாலத்துல இருந்து குதிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று நான் சொன்னதற்கு, கதவை அறைந்துவிட்டு பஸ் ஏறினாய்.

நான் சொன்னதில் என்ன தப்பு? உன் அப்பா குதித்துவிட்டுத்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார். அப்படி வந்தும் என் அம்மா அவர் முன்னால் சர்க்கரை இல்லாத காப்பியை வைத்தாள். பெண் கேட்டு வந்தவனுக்குக் கசப்புக் காப்பி வந்தால் எழுந்து நடையைக் கட்ட வேண்டியதுதான். அம்மா திரும்பிய நேரம் பார்த்து நான் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டதால்தான் நீ பிறந்தாய். ஜெர்மன்காரன் பாலத்துக்குக் கீழே நெரேத்வா ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தாலே ஓடிவிடுவான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

இனி உன் அப்பா விஷயம். கொஞ்ச நாளாக மனுஷன் சரியில்லை. தன் கூட்டாளி மெஹோவோடு டாமினோ ஆடப் போகிறேன் என்று கிளம்புகிறார், கக்கத்தில் துண்டு. டாமினோவுக்குத் துண்டு எதற்கு? திரும்பி வரும்போது தலை ஈரம். தினமும் சவரம். நான் சுட்ட கறி அடையில் பாதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போகிறார். கேட்டால், "மெஹோ வீட்டுப் பூனைக்கு" என்கிறார். கறி அடை தின்னும் பூனையை நான் இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன். போதாததற்குப் பாட்டு வேறு.

நேற்று ரசியா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. உன் வீட்டுக்காரர் பாலத்துக்கு அடியில பாறை மேல உக்காந்திருக்காரு. பக்கத்துல ஒரு மஞ்சள் முடி. தோள் வரைக்கும். வெளியூர்க்காரி மாதிரி இருக்கு" என்றாள். "உக்காந்தா உக்காந்துட்டுப் போட்டும், நீ உன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

இன்று காலை அவர் போன சற்று நேரத்தில் நானும் கிளம்பினேன். யாராவது கேட்டால் சொல்ல ஒரு கூடை அத்திப்பழம். முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுப் பாலத்தின் உச்சியில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே பாறையில் உன் அப்பா. அவருக்கு முன்னால், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, அந்த மஞ்சள் முடி. உன் அப்பா வாளியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு அந்தத் தலையில் ஊற்றுகிறார், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. கூடையை அப்படியே தலையில் கவிழ்க்கலாமா என்று நினைத்தேன். அப்போது அந்தத் தலை திரும்பியது. தாடி!

நீ அனுப்பிய ரைனர் போட்டோவை நான் பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பார்த்தேன். பல தடவை பார்த்தேன். அதே தாடி. கண்ணாடி மட்டும் இல்லை. கையால் தடவித் தடவிப் பாறையில் ஏறி, உன் அப்பா சொன்னபடி கைகளை விரித்து, காலைச் சேர்த்துத் தண்ணீரில் குதித்தான். உன் ஹாம்பர்க் இங்கேதான் இருக்கிறது, மகளே. இது உனக்கும் தெரியும் என்றால், என் முகத்தில் விழிக்காதே. தெரியாது என்றால், உட்கார்ந்துகொண்டு மேலே படி.

மத்தியானம் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "நீதானே குதிக்கச் சொன்ன? குதிக்கக் கத்துக்குடுங்கன்னு அந்தப் பையன் எனக்குக் கடுதாசி போட்டான். வந்தான். மெஹோ வீட்டுல தங்கியிருக்கான். ஞாயித்துக்கிழமை பாலத்து மேல இருந்து குதிக்கறான். இப்ப என்னங்கற?" என்றார். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதே என்றேன். "விழுந்தா தெரிஞ்சிடும்" என்கிறார், சிரித்துக்கொண்டு. அந்த மெஹோவே வயசில் பாலத்திலிருந்து குதித்தபோது உடம்பு சாய்ந்து தண்ணீரில் விழுந்துதான் இன்று வரை கைத்தடியோடு நடக்கிறார். பாறையிலிருந்து குதிப்பதும் பாலத்திலிருந்து குதிப்பதும் ஒன்றா?

எனக்கு அவன் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. குதித்துக் காட்டிவிட்டு ஊரில் போய்ப் பெருமை பேசுவதற்காகவும் இருக்கலாம். ஆனாலும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. இன்று இரவு மியூனிக் போகிற பஸ்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு மெஹோ வீட்டுக்குத் தந்தி அடி. குதிக்க வேண்டாம் என்று மட்டும் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. ரசியா காதில் விழுந்தால் ஊரெல்லாம் சிரிக்கும்.

உன் அம்மா,
ஸும்ரா


மொஸ்தார்,
ஞாயிறு மாலை

என் செனாடா,

உன் தந்தி வந்ததாம். "அவன் ஹாம்பர்க்கில் அல்லவா இருக்கிறான்" என்று கேட்டுவிட்டு, குதிக்க வேண்டாம் என்றும் அடித்திருந்தாயாம். ஆக, உனக்கும் தெரியாது. உன்னைச் சந்தேகப்பட்டதை மன்னித்துவிடு. அவன் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டான்.

நானும் போனேன். ஊரே நின்றது, ரசியா முதல் வரிசையில். கைப்பிடிச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு கண்ணாடியைக் கழற்றினான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நீட்டிய கை என்னிடம் வந்தது. நான் கண்ணாடியை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். "போதும்டா, வா வீட்டுக்கு. நீ குதிக்கவே வேண்டாம்" என்றேன்.

என் குரல் அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. நீ சொல்லிக்கொடுத்த நம் பேச்சில், திக்கித் திக்கி, "அம்மா, இப்ப நான் இறங்கினா, நாளைக்கு நீங்க மறுபடியும் சந்தேகப்படுவீங்க" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். அது எனக்கே தெரியும். கையை விட்டேன். கண்ணாடியை வாங்கிக்கொண்டேன்.

அவன் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரசியாதான், "அக்கா, தலை தெரியுது, மஞ்சள் தலை!" என்று என்னைப் போட்டு உலுக்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரே நல்ல சேதி.

இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறான். காதில் தண்ணீர் போனது தவிர ஒன்றும் இல்லை. உன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினான், ஏனென்றால் அவன் கண்ணாடியை நான் பிடித்த பிடியில் அதன் ஒரு கால் ஒடிந்துவிட்டது. நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

காப்பி போட்டேன். சர்க்கரை டப்பாவைத் திறந்தபோது, சர்க்கரை வேண்டாம், எப்போதும் கசப்பாகத்தான் குடிப்பேன் என்கிறான்! யார் அனுப்பிய ஆள் இவன் என்று ஒரு நிமிஷம் மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. பேசாமல் இரண்டு கட்டி போட்டுக் கலக்கி, கடைசிச் சொட்டு வரை குடிக்கிறானா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தான்.

லீவு கேட்டு அடுத்த பஸ்ஸிலேயே வா. இரண்டாவது கோப்பையை நீ வந்து ஊற்று. இறைவன் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும்.

உன் அம்மா