வாடாத ஒற்றை வாழை

உக்கடம்,
04.05.2024

அன்புள்ள ஈஸ்வரமூர்த்தி அண்ணனுக்கு,

ஷைமா எழுதுவது. உங்களுக்கும் ராசாத்தாள் அக்காவுக்கும் என் சலாம். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. நான் கத்தினால் ஆய்வகமே திரும்பிப் பார்க்கிறது. அதனால்தான் கடிதம்.

“மூணு செட்டுன்னா என்னங்க அம்மணி?” என்று கேட்டீர்களே. தாய் வாழைக்கு நான்கு தொகுதி குரோமோசோம், தந்தைக்கு இரண்டு. இருவரிடமும் பாதிப் பாதி வாங்கினால் பிள்ளைக்கு மூன்று. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதல்லவா, அதனால் விதை கட்டாது. ஏழு வருடம் நானூறு பூவுக்கு மகரந்தம் தடவிப் பதினோரு விதை எடுத்தேன். முளைத்தது ஒன்று. அதுதான் உங்கள் தோட்டத்தில் நிற்பது.

எங்கள் வாழை ஆய்வுத் திட்டத்தை மூடிவிட்டார்கள், எனக்கு இனி நிலம் கிடையாது. வாடல் நோய் விழுந்த உங்கள் மண்ணில் அது தாங்கினால் போதும். பக்கக்கன்று வந்தால் அறுத்துவிடாதீர்கள். அதை எடுத்துத்தான் ஆய்வகத்தில் பெருக்க வேண்டும்.

ஷைமா

தொண்டாமுத்தூர்,
20.07.2024

அம்மணி ஷைமாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுதவும். சுற்றி நின்ற ரஸ்தாளி முந்நூறும் இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. உங்கள் மரம் மட்டும் ராஜா மாதிரி நிற்கிறது. வைகாசிக் கடைசியில் குலை தள்ளி, ஒன்பது சீப்பு.

திட்டாமல் படியுங்கள். குலை பெரிதாக வேண்டுமென்று மூன்று பக்கக்கன்றையும் அறுத்துவிட்டேன். உங்கள் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. கிழங்கிலிருந்து மறுபடியும் கன்று வரும்.

மகள் பிரவீனாவுக்கு ஆவணி இருபதில் தோட்டத்து வீட்டிலேயே கல்யாணம். உங்கள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வர வேண்டும்.

ஈஸ்வரமூர்த்தி

உக்கடம்,
14.08.2024

அன்புள்ள அண்ணா,

மூன்று கன்றையும் அறுத்ததைப் படித்தேன். போகட்டும், கிழங்கு மண்ணில் இருக்கும்வரை பயமில்லை. கல்யாணத்துக்கு வர முடியாது, மன்னியுங்கள். இந்த மரத்துக்காக நிலம் கேட்டு பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறேன். ஊர் திரும்பியதும் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி உங்கள் தோட்டத்துக்கு வருவேன். அதுவரை யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் அண்ணா.

ஷைமா

தொண்டாமுத்தூர்,
08.09.2024

அம்மணி,

மூன்று நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

கல்யாண வாசலில் குலையோடு இரண்டு வாழை கட்டுவது உங்களுக்குத் தெரியும். ஒன்று சந்தையிலிருந்து வந்தது. இன்னொன்றுக்கு என் மச்சான் மனோஜ்குமார் தோட்டத்துக்குள் போனார். பிரவீனாவின் தாய்மாமன். செத்துக் கிடந்த தோட்டத்தில் வாடாமல் நின்றது ஒரே மரம். அதைக் கிழங்கோடு பேர்த்துத் தூக்கி வந்தார்.

“ஏனுங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னாடி நம்ம தோட்டத்து மரந்தானுங்க நிக்கோணும்” என்றாள் ராசாத்தாள். தாய்மாமன் தூக்கி வந்ததைச் சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டாமென்று சொன்னால் அபசகுனம். எனக்குக் காதுதான் கேட்காதென்று நினைத்திருந்தேன். அன்று வாயும் போய்விட்டது.

மறுநாள் கிழங்கையாவது நடலாமென்று ஓடினேன். மாட்டுக்கு நறுக்கிப் போட்டுவிட்டார்கள். குழியைக் கையாலேயே தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குலையை மட்டும் அவிழ்த்து வைத்திருக்கிறேன். புகை போட்டுப் பழுக்க வைத்து ஒரு சீப்பைப் பஸ்ஸில் அனுப்புகிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பன்னிரண்டாம் தேதி வர வேண்டாம் அம்மணி.

ஈஸ்வரமூர்த்தி

உக்கடம்,
21.09.2024

அன்புள்ள அண்ணா,

பிரவீனா நன்றாக வாழட்டும். நிலம் தருவதாகச் சொல்லி பெங்களூரிலிருந்து நேற்றுத்தான் கடிதம் வந்தது. வைக்க ஒன்றுமில்லை என்று பதில் எழுதிவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லாமல் இல்லை. உங்களிடம் காட்டி என்ன ஆகப்போகிறது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

சீப்பு வந்து சேர்ந்தது. ஏழு வருடமாகியும் அதன் ருசி எனக்குத் தெரிந்ததில்லை. பூவனைவிட இனிப்பு, அடிநாக்கில் கொஞ்சம் புளிப்பு. உம்மா இரண்டு பழம் சாப்பிட்டார்கள். மீதிப் பதினான்கையும் கத்தியால் வட்டம் வட்டமாக நறுக்கினேன். “என்னத்தம்மா தேடுறே?” என்று உம்மா கேட்டார்கள்.

விதையே இல்லை அண்ணா. விதையில்லாத பழத்துக்காகத்தான் ஏழு வருடம் பாடுபட்டேன். ஒன்றே ஒன்றாவது இருக்காதா என்றுதான் கடைசிப் பழம்வரை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஷைமா