மணி எட்டு

மூத்தவளுக்கு,

மூன்று முறை எழுந்து கூடத்தில் நடந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஏ.எம். வானொலி நிலையத்தை மூடிவிட்டார்கள். ஆரம்பத்தில் வானிலையும் காய்கறி விலையும் வாசித்தேன். அடுத்து வந்த முதலாளி சினிமாப் பாட்டு போதும் என்றார். பிறகு அவரும் பிரசங்கக்காரர்களுக்கு விற்றுவிட்டார். ஒவ்வொரு முறையும், "மணி சொல்ல ஒரு ஆள் வேணும்ல?" என்று கெஞ்சி ஒட்டிக்கொண்டேன். "அப்படி என்னதான் இருக்கு அந்த வேலையில?" என்று உன் சித்தி கேட்டாள். நீ இருக்கும் ஊர் வரைக்கும் எங்கள் ஒலிபரப்பு எட்டும்.

நேற்றுக் காலை இன்ஜினியர், "அக்கா, இதுதான் கடைசி அறிவிப்பு" என்றார். மணி எட்டு என்று சொன்னேன். மைக்கை அணைக்கவில்லை. "அன்னைக்கு உன்ன வீட்ட விட்டுப் போன்னு சொன்னது என் தப்புதான்மா" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நீ கேட்டாயோ, உன்னிடம் ரேடியோவே இல்லையோ, தெரியவில்லை. உன் விலாசம் இரண்டு வருஷமாக என் கைப்பையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் நின்றே சொல்லிவிட்டு வருவேன்.

அம்மா