வடிவியல் விட்டுப்போன வருஷம்

திருவண்ணாமலை
18-7-1982

அன்புள்ள சரோஜாவுக்கு,

நலம். உன் நலமும் உன் வீட்டில் எல்லோர் நலமும் அறிய ஆவல். செய்யாற்றில் தண்ணீர்க் கஷ்டம் உண்டா? இங்கே பம்பு அடித்தால் காற்றுதான் வருகிறது.

பள்ளிக்கூடம் திறந்தும் திறக்காத மாதிரி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் தவறியதிலிருந்து ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு மூலை. நீ மாறுதல் வாங்கிக்கொண்டு போன பிறகு கணக்கு நடத்த ஆளே இல்லை. அடி அண்ணாமலையில் பொரிக்கடை வைத்திருக்கும் ஆராயி மகள் பாஞ்சாலை தினமும் வந்து, "சரோஜா டீச்சர் எப்ப வருவாங்க?"னு கேட்கிறாள். மார்ச்சில் மறுபடி எழுதப் போகிறாள். அதிலும் தவறினால் கல்யாணம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

திரும்பி வருகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடு. ஆபீசில் நான் பேசிக்கொள்கிறேன். நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
வேதா


செய்யாறு
1-8-1982

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பாஞ்சாலை பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா!

போன கார்த்திகை தீபத்துக்கு வழக்கம்போல வகுப்பறைகளைப் பந்தோபஸ்து போலீசுக்கும் யாத்ரீகர்களுக்கும் கொடுத்தோம். தீபம் முடிந்தும் மழை விடவில்லை, அவர்களும் காலி செய்யவில்லை. "வடிவியல் அப்படியே நிக்குது, எங்க வீட்டு மாடியிலயாவது நடத்தறேன்"னு கேட்டேன். "சாமி காரியம்டி, பொண்ணுங்களும் கடையில நிப்பாங்க, பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னது நீங்கள்தான். தலைமையாசிரியை சொன்ன பிறகு நான் என்ன செய்ய? பொங்கலுக்கு அப்புறம் வடிவியலுக்கு நாளே மிஞ்சவில்லை.

ரிசல்ட் வந்த பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில் சங்கத் தலைவர் அப்பாசாமி எழுந்து, "பாடமே நடத்தாம சம்பளம் வாங்கினது யாரு?"னு கேட்டார். நான் மேடையில் நின்றபடி உங்களைப் பார்த்தேன். நீங்கள் சோடா குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

கோபம்கூட இல்லை அக்கா, அலுத்துவிட்டது. அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது.

சரோஜா


திருவண்ணாமலை
8-12-1982

சரோஜா,

உனக்கு இத்தனை மாதம் பதில் எழுதவில்லை. எழுதியதெல்லாம் சப்பைக்கட்டாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

இந்தத் தீபத்துக்குப் பள்ளிக்கூடத்தைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. சாமி குத்தம் என்றார்கள். "அண்ணாமலையாருக்கு மலையே இருக்கு, என் பத்தாம் வகுப்பு ரூம் எதுக்கு?"னு கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கற்பூரம் ஏற்றினேன், அது வேறு விஷயம்.

திருவிழா நாளிலும் வடிவியல் வகுப்பை நானே வைத்தேன். முதல் நாள் வந்தது பாஞ்சாலை மட்டும்தான். பொரிக்கடையை ஆராயியே பார்த்துக்கொண்டாளாம். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தமிழ் படித்த நான் வட்டம் போட்டால் எப்படி இருக்கும்? "டீச்சர், அது தோசை"னு சிரிக்கிறார்கள்.

நேற்று பெற்றோர் கூட்டம். சரோஜா டீச்சர் நடத்துகிறேன் என்று கேட்டார், தடுத்தது நான் என்று மேடையில் சொன்னேன். அப்பாசாமி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன்.

ஜனவரியில் உன் இடத்துக்குப் புது டீச்சர் வருகிறார். இனி உன்னை வா என்று கேட்க மாட்டேன். ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

வேதா


செய்யாறு
15-12-1982

அன்புள்ள வேதா அக்காவுக்கு,

தேருக்கு மாமியாரோடு நான் வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு வந்து நம் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டது. ஜன்னல் வழியாக நீங்கள் தெரிந்தீர்கள். தொடுகோட்டை நாண் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பாஞ்சாலை புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினாள். "அப்போ நீயே வந்து போடுடி"னு சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தீர்கள்.

உள்ளே வரக் கால் துடித்தது. வந்தால் அந்தச் சாக்பீஸை நான் வாங்கிவிடுவேன். அப்புறம் மறுபடியும் என் வகுப்பு, என் தேர்ச்சி, என் பழி. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

உங்கள் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது அக்கா. அங்கே வந்து நிற்கும் தெம்பும் அதோடு போய்விட்டது. நான் வர மாட்டேன்.

புது டீச்சருக்கு ஊர் புதிது, ஆட்கள் புதிது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவர் பக்கத்தில் உங்கள் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். மார்ச்சில் எத்தனை பேர் தேறினாலும், தேறாவிட்டாலும்.

அன்புடன்,
சரோஜா